வேலைக்கு நடுவே 1752 சட்டங்கள்

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமான திருஅவைச் சட்டம் என்றால் அது குருக்களும் ஆயர் இல்லத்து அலுவலர்களும் படிக்க வேண்டியது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. 1752 சட்டங்களைக் கொண்ட 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்போ, குருக்கள் அல்லாத பொதுநிலையினரும் திருஅவைப் பல்கலைக்கழகங்களில் மறைசார் துறைகளை ஆழமாகக் கற்றுப் பட்டம் பெற உரிமை உடையவர்கள் என்று சட்ட எண் 229இல் தெளிவாகவே சொல்கிறது. அந்த உரிமையைக் கொண்டு, வழக்கறிஞர் பணியை விடாமல், லைசென்ஷியேட் எனப்படும் முதுநிலைப் பட்டத்தைப் பகுதிநேரமாகப் படித்து முடித்தேன். குடும்பமும் வேலையும் இருக்கும்போது இதில் இறங்கலாமா என்று கேட்போரிடம், நேரக்குறைவை எப்படியும் சமாளித்துவிடலாம், அவசரத்தை வைத்துக்கொண்டு இதைப் படிக்க முடியாது என்று சொல்லிவருகிறேன். மெதுவாக வாசிப்பவர்களுக்கே இந்தச் சட்டம் பிடிபடுகிறது. பகுதிநேர மாணவருக்கோ மெதுவாக வாசிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

வாசிப்புக்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டியது, எந்தப் பட்டத்துக்காகப் படிக்கிறோம் என்ற கேள்வி. திருத்தந்தையின் தலைமையகமான திருப்பீடத்தால் நிறுவப்படாத அல்லது ஏற்கப்படாத எந்தப் பல்கலைக்கழகமும் திருஅவைக்குள் சட்ட விளைவுள்ள பட்டங்களை வழங்க முடியாது என்பது சட்ட எண் 817. திருஅவை நீதிமன்றத்தில் நீதிபதியாகவோ திருமணம் செல்லும் என்ற தரப்பை முன்வைக்கும் திருமணப் பிணைப்புக் காவலராகவோ பணியாற்ற விரும்புபவருக்கு முனைவர் பட்டமோ லைசென்ஷியேட்டோ தேவை என்று 1421, 1435 ஆகிய எண்கள் சொல்வதால், இந்த வேறுபாட்டைச் சேர்க்கைக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். குடிமைப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் திருஅவைச் சட்ட முதுநிலைப் பட்டங்களும் இருக்கின்றன. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகம் 1991இல் தொடங்கிய படிப்பு அவற்றுள் பெயர் பெற்றது. எட்டாம் ஹென்றி மன்னர் 1535இல் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் திருஅவைச் சட்டக் கல்வியைத் தடை செய்த பிறகு, பிரிட்டனின் பல்கலைக்கழகம் ஒன்றில் அத்தகைய பட்டம் மீண்டும் வந்தது அப்போதுதான். ஆங்கிலிக்கன் திருச்சபைச் சட்டத்தையோ பல திருச்சபைகளின் சட்டங்களை ஒப்பிட்டோ படிக்க விரும்புவோருக்கு அத்தகைய படிப்பு மிகவும் பொருந்தும். கத்தோலிக்க நீதிமன்றப் பணியை எதிர்பார்ப்பவர் மட்டும் 817ஆம் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

கால அளவும் பலரைத் திகைக்க வைக்கிறது. 2002ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஷியேட் படிப்பு ஆறு பருவங்களைக் கொண்டது. மெய்யியலும் இறையியலும் முறையாகக் கற்றிராதவர்கள் அதற்கு முன் நான்கு பருவங்கள் கொண்ட முதல் கட்டத்தை முடிக்க வேண்டும், குடிமைச் சட்டப் பட்டம் பெற்றிருப்பவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. சட்டம் படித்தவனுக்குச் சட்டம் படிக்க முன்தகுதியா என்று என்னோடு படித்த இன்னொரு வழக்கறிஞர் முணுமுணுத்தது உண்டு. படிக்கத் தொடங்கிய பிறகு அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் திருமுழுக்கு என்றால் என்ன, ஒருவரைக் குருவாகவோ ஆயராகவோ ஆக்கும் திருப்பட்டம் என்ன செய்கிறது, ஆயருக்கும் அவரது மறைமாவட்டத்துக்கும் உள்ள உறவு எத்தகையது என்பவை தெரியாமல், தொகுப்பின் இரண்டாம் நூலையும் நான்காம் நூலையும் வெறும் நிர்வாக விதிகளாக மட்டுமே வாசிக்க முடியும். பகுதிநேரமாகப் படிப்பவர் சேரும் முன் கேட்க வேண்டியவை இவை: இந்தப் பருவங்கள் எத்தனை ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படலாம், இடையில் ஒரு பருவம் விடுபட்டால் முன்பு பெற்ற மதிப்பெண்கள் நிலைக்குமா, நேரில் கட்டாயமாக இருக்க வேண்டிய வகுப்புகள் எவை. இவற்றை எழுத்தில் பெற்றுக்கொண்டு, விடுப்பு தர வேண்டிய பணியிடத்திலும் ஒரு படியைக் கொடுத்து வைப்பது பின்னால் வரும் பல விளக்கங்களை மிச்சப்படுத்தும்.

சேரும் மாணவர்களில் பெரும்பாலானோர் திருமணச் சட்டத்தையே எதிர்பார்த்து வருகின்றனர். என் அறிவுரை, தொகுப்பின் முதல் நூலான பொது விதிமுறைகளில், அதாவது 1 முதல் 203 வரையிலான சட்டங்களில், தேவைக்கு மேலாகவே நேரம் செலவிட வேண்டும் என்பது. அவை வறண்டவை, யாரும் அவற்றைப் பற்றி விருந்தில் பேசமாட்டார்கள். ஆனால் மற்ற ஆறு நூல்களையும் எப்படி வாசிப்பது என்பதை இந்த நூல்தான் கற்றுத் தருகிறது. சட்டங்களைச் சொற்களின் சொந்தப் பொருளிலும், அவை இடம்பெற்றுள்ள பகுதியின் பின்னணியிலும் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது எண் 17. தண்டனை விதிக்கும் சட்டங்களையும் உரிமைகளைச் சுருக்கும் சட்டங்களையும் குறுகிய பொருளிலேயே கொள்ள வேண்டும் என்கிறது எண் 18. பழைய சட்டத்தை அப்படியே மீண்டும் சொல்லும் சட்டங்களைத் திருஅவைச் சட்ட மரபையும் கருத்தில் கொண்டு மதிப்பிட வேண்டும் என்கிறது எண் 6. இந்தக் கடைசி விதி இருப்பதால்தான், 1140ஆம் ஆண்டையொட்டித் திருஅவைச் சட்ட அறிஞர் கிராசியன் தொகுத்த நூலும், 1234இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட தொகுப்பும், 1917ஆம் ஆண்டின் முந்தைய தொகுப்பிலிருந்த 2414 சட்டங்களும் வெறும் வரலாற்றுப் பாடமாக ஒதுங்கிவிடாமல், இன்றைய வழக்கிலும் வாதத்துக்கு வருகின்றன. பகுதிநேர மாணவர்கள் நேரமில்லை என்று முதலில் கைவிடுவது சட்ட வரலாற்றைத்தான். அதைக் கைவிட்டால் பின்னால் இருமடங்கு நேரம் போகும்.

குடிமைச் சட்டம் பயின்றவருக்கு இங்கே உள்ள உண்மையான வேலை, பழகிய சிந்தனையைச் சற்று நிறுத்தி வைப்பதுதான். உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு கீழ்நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் என்ற சூழலில் வளர்ந்தவர்கள் திருப்பீடத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமான உரோமை ரோட்டாவின் தீர்ப்புகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள முனைகிறோம். சட்ட எண் 16இன் மூன்றாம் பிரிவோ, நீதிமன்றத் தீர்ப்பின் வழியாக வரும் விளக்கத்துக்குச் சட்டத்தின் வலிமை கிடையாது, அது அந்த வழக்கின் தரப்பினரையும் அந்தப் பொருளையும் மட்டுமே கட்டுப்படுத்தும் என்று சொல்கிறது. அப்படியானால் ரோட்டாவின் தீர்ப்புகளை ஏன் வரி வரியாக வாசிக்கச் சொல்கிறார்கள்? ஒரு பொருளைப் பற்றி வெளிப்படையான சட்டம் இல்லாதபோது உரோமைத் தலைமையகத்தின் தீர்ப்பு மரபும் நடைமுறையும் வழிகாட்டும் என்று எண் 19 சொல்வது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, 1095ஆம் எண் போன்ற சுருக்கமான சட்டங்களுக்கு உள்ளடக்கம் கொடுத்தவை அந்தத் தீர்ப்புகளே. திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை உளவியல் சார்ந்த காரணங்களால் ஏற்க இயலாமை என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுத முடியாது. ஆகவே முன்தீர்ப்பை மேற்கோள் காட்டி வழக்கை முடிக்கும் பழக்கத்தை விட்டு, முன்தீர்ப்பின் காரணங்களை எடைபோடும் பழக்கத்துக்கு மாற வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேறுபாடு, செல்லுபடியாவதற்கும் முறையாக நடப்பதற்கும் இடையே இந்தச் சட்டம் வரையும் கோடு. ஒரு சட்டம் மீறப்பட்டதால் மட்டும் செயல் செல்லாததாகிவிடாது. செயல் செல்லாது என்றோ ஆள் தகுதியற்றவர் என்றோ வெளிப்படையாகச் சொல்லும் சட்டங்களுக்கு மட்டுமே அந்த விளைவு உண்டு என்பது எண் 10. எடுத்துக்காட்டாக, கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெறாதவரை விதிவிலக்கு பெறாமல் மணந்தால், எண் 1086இன்படி அத்திருமணம் செல்லாது. அதே கத்தோலிக்கர் வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவரை, திருமணத்தை நடத்த வேண்டிய முறை பற்றிய வடிவ விதிகள் அனைத்தையும் பின்பற்றி, எண் 1124 கேட்கும் அனுமதியை மட்டும் பெறாமல் மணந்தால், அது முறையற்றது, ஆனால் செல்லும். விதிவிலக்கும் அனுமதியும் பங்கு அலுவலகப் பேச்சில் ஒன்றாகவே புழங்குவதால், பல ஆண்டுகள் பங்குப் பணியாற்றிய குருக்கள்கூட வகுப்பில் இந்த இடத்தில் சற்று நின்று யோசித்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சட்டத்தை வாசித்தாலும், இதை மீறினால் விளைவு என்ன என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தக் குறிப்புகள் தேர்வு நேரத்தில் எந்த வழிகாட்டி நூலையும் விட அதிகம் உதவின.

காலக்கெடுக்களும் குடிமைச் சட்டத்தில் பழகியவை போல இல்லை. ஆயரின் நிர்வாக ஆணையை எதிர்த்து மேல்முறையிடுவதற்கு முன், ஆணையைத் திரும்பப் பெறவோ திருத்தவோ கேட்டு அவரிடமே எழுத்தில் விண்ணப்பிக்கப் பத்துப் பயனுள்ள நாள்கள் தரப்படுகின்றன என்கிறது எண் 1734. தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டை அறிவிக்கப் பதினைந்து பயனுள்ள நாள்கள் என்கிறது எண் 1630. தன் உரிமையை அறியாதவருக்கும் செயல்பட இயலாதவருக்கும் அந்தக் காலம் ஓடாது என்பது எண் 201; ‘பயனுள்ள’ என்பதன் பொருள் இதுதான். நாட்காட்டியைப் பார்த்து நாள் எண்ணிப் பழகிய வழக்கறிஞருக்கு இது வியப்பாகவே இருக்கும்; அதில் ஒரு மனிதத்தன்மையும் இருக்கிறது.

என் அன்றாட வாசிப்பு எளிமையான ஏற்பாடுதான். வேலை நாள்களில் காலையில் ஒரே ஒரு சட்டம், அதன் மூலமொழியில் ஒருமுறை, மொழிபெயர்ப்பில் ஒருமுறை. மாலையில் அதே சட்டத்தைத் தொகுப்பைத் திறக்காமல் சொந்தச் சொற்களில் எழுதிப் பார்த்து, பிறகு ஒப்பிடுவேன். விடுபட்டது பெரும்பாலும் ஒரு நிபந்தனையாகவோ ஒரு விதிவிலக்காகவோ இருக்கும். தேர்வாளரின் கேள்வியும் சரியாக அங்கேதான் வந்து நிற்கும். விளக்கவுரைகள் வார இறுதிக்கு. சட்டத்தை வாசிக்கும் முன் விளக்கவுரையை வாசிப்பவர், சட்டத்தில் இல்லாததையும் அதில் கண்டுவிடுகிறார் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் எச்சரிப்பார். நெருக்கடியான வாரங்களில் விளக்கவுரையை விட்டுவிட்டேன். காலை நேரச் சட்டத்தை விடவில்லை. ஒன்றை வாசித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவதில் நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் இருந்தது. பகலில் ஓர் ஒப்பந்தத்தையோ சொத்துப் பத்திரத்தையோ பார்க்கும்போது, காலையில் வாசித்த சட்டம் இதை எப்படிக் கையாளும் என்ற கேள்வி தானாகவே எழும். முழுநேர மாணவர்களுக்கு அந்த உரசல் கிடைப்பதில்லை.

நூல்களை வாங்கும்போதும் நூலகத்தில் எடுக்கும்போதும் பதிப்பாண்டைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் திருமணச் செல்லாநிலை வழக்குகளின், அதாவது திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று அறிவிக்கக் கோரும் வழக்குகளின், நடைமுறையை மாற்றி, 1671 முதல் 1691 வரையிலான சட்டங்களைப் புதிதாக எழுதினார். திருமணம் செல்லாது என்பதற்கு ஒத்த இரு தீர்ப்புகள் வேண்டும் என்று 1741இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஏற்படுத்திய நிபந்தனை அதோடு நீங்கியது. ஆயர் முன்னிலையில் நடக்கும் குறுகிய நடைமுறை ஒன்றும் வந்தது. தண்டனைச் சட்டங்களைக் கொண்ட ஆறாம் நூல் 2021இல் முழுவதுமாகத் திருத்தப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதனால் பழைய விளக்கவுரையில் உள்ள சட்ட எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாகவே இருந்து, உள்ளே சொல்லப்படுவது வேறாக இருப்பதுண்டு. பழைய கட்டுரையை மேற்கோள் காட்டும்போது, அது எந்த ஆண்டின் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறது என்று அடைப்பில் குறிப்பது நல்ல பழக்கம். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பழைய பதிப்பின் மின்படியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு படிப்பது ஆபத்தானது.

இலத்தீனைப் பற்றிப் பலரும் அச்சத்தோடு கேட்கிறார்கள். சட்டத்தின் அதிகாரபூர்வ வடிவம் இலத்தீன். ரோட்டா தீர்ப்புகளில் பெரும்பகுதி இலத்தீன். 1917க்கு முந்தைய மூலங்களும் பெரும்பாலும் இலத்தீன். சரளமாகப் பேசவோ கவிதை வாசிக்கவோ தேவையில்லை. சட்ட இலத்தீனின் சொல்வளம் சிறியது, அதன் வாக்கிய அமைப்புகள் மீண்டும் மீண்டும் வருபவை. மொழிப் பாடத்தைத் தனியாக வைத்துக்கொண்டு போராடுவதை விட, அன்றைய சட்டத்தையே அன்றைய இலத்தீன் பாடமாக வைத்துக்கொண்டது எனக்குப் பயன் தந்தது. முதல் ஆண்டில் இதைத் தள்ளிப்போடுபவர்கள் மூன்றாம் ஆண்டில் மொழிபெயர்ப்பு கிடைக்கும் தீர்ப்புகளை மட்டுமே நம்பி ஆய்வேடு எழுத வேண்டியதாகிறது, அது ஆய்வேட்டின் தலைப்பையே சுருக்கிவிடும்.

நீதிமன்றப் பயிற்சிதான் இந்தப் படிப்பின் கனமான பகுதி. பெயர்கள் நீக்கப்பட்ட கோப்புகளாகவே தரப்பட்டாலும், ஒரு மண வாழ்க்கை எப்படித் தொடங்கி எப்படி உடைந்தது என்பதைச் சாட்சிகளின் வாய்மொழியில் வாசிப்பது எளிதல்ல. நான் பழகிய நீதிமன்றத்தில் இரு தரப்பு மோதும், நீதிபதி நடுவில் இருப்பார். இங்கே கணவன், மனைவி இருவருமே திருமணம் செல்லாது என்று கேட்டாலும், செல்லாது என்பதற்கு எதிராக நியாயமாகச் சொல்லக்கூடிய அனைத்தையும் முன்வைக்கத் திருமணப் பிணைப்புக் காவலர் கடமைப்பட்டவர். எண் 1060இன்படி திருமணம் சட்டத்தின் ஆதரவைப் பெற்றிருக்கிறது. ஐயம் இருக்கும்வரை அது செல்லும் என்றே கொள்ள வேண்டும். நீதிபதி அடைய வேண்டியது ஒழுக்கநெறி சார்ந்த உறுதிப்பாடு. எல்லா ஐயத்தையும் விலக்கும் முழு உறுதிக்கும் வெறும் நிகழ்தகவுக்கும் நடுவில் அது நிற்கிறது என்று 1942இல் ரோட்டா நீதிபதிகளிடம் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் விளக்கினார். பயிற்சியில் நான் எழுதிய முதல் மாதிரித் தீர்ப்பைத் திருப்பித் தந்த ஆசிரியர், மனைவியின் துன்பம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, சம்மதம் தந்த நாளில் என்ன குறை இருந்தது என்பது எங்கே என்று கேட்டார். மணவாழ்வு தோற்றது என்பது ஒன்றையும் நிறுவாது; சம்மதம் தரப்பட்ட அந்த நேரத்தில் குறை இருந்ததா என்பதே வழக்கு. இதை நூலில் பலமுறை வாசித்திருந்தாலும், ஒரு கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுதும்போதுதான் அதன் கடுமை புரிகிறது.

பணியில் இருப்போருக்கு இந்தப் பயிற்சியில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நீதிமன்றத்தில் பங்கேற்போரை எண் 1455 இரகசியம் காக்கக் கடமைப்படுத்துகிறது. பயணத்திலோ அலுவலக மேசையிலோ கிடைக்கும் இடைவேளைகளில் இந்தக் கோப்புகளைத் திறக்க முடியாது. பயிற்சிப் பருவத்துக்கென்று பூட்டிய கதவுக்குப் பின்னால் தொடர்ச்சியான நேரம் வேண்டும். விடுப்புகளைச் சேமித்து வைக்க வேண்டிய பருவம் இதுதான், தேர்வுப் பருவம் அல்ல.

படிக்கிறீர்கள் என்று தெரிந்த நாள்முதல் உறவினரும் பங்கு மக்களும் கேள்விகளோடு வருவார்கள். குடிமை நீதிமன்றம் தரும் மணவிலக்கும் திருஅவை நீதிமன்றம் தரும் செல்லாநிலை அறிவிப்பும் வெவ்வேறானவை என்பதை விளக்குவதில் தவறில்லை. பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள் ஆகிவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. நன்னம்பிக்கையோடு செய்யப்பட்ட, ஆனால் செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் முறையான பிள்ளைகளே என்ற எண் 1137ஐக் காட்டி ஒருவரை ஆறுதல்படுத்துவது மாணவராலும் முடியும். ஆனால் உங்கள் வழக்கு நிற்கும் அல்லது நிற்காது என்று சொல்லும் நிலை வேறு. எண் 1483இன்படி திருஅவை நீதிமன்ற வழக்குரைஞர் ஆயரின் ஏற்பைப் பெற்றவராக இருக்க வேண்டும். குடிமை நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டுகள் வாதிட்டிருந்தாலும் அந்த ஏற்பு தானாக வந்துவிடாது. கேட்பவரை மறைமாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பிவைப்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

ஆய்வேட்டுத் தலைப்பைத் தேர்வதில்தான் வேலை வாழ்க்கை நேரடியாகக் கைகொடுத்தது. திருஅவைச் சட்டம் பல இடங்களில் குடிமைச் சட்டத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. ஒப்பந்தங்கள் குறித்து அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்வது, இறைச் சட்டத்துக்கு முரண்படாதவரை, திருஅவையிலும் அதே விளைவுகளோடு கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்கிறது எண் 1290. அடுத்து வரும் சட்டங்கள் திருஅவைச் சொத்தை விற்பதற்கான அனுமதிகளைப் பேசுகின்றன. அந்த அனுமதிகள் இல்லாமல் விற்கப்பட்ட சொத்தின் விற்பனை குடிமைச் சட்டப்படி செல்லுபடியாகும்போது என்ன செய்வது என்று எண் 1296 கேட்டு, முடிவை உரிய அதிகாரியிடம் விடுகிறது. முழுநேரக் கல்வியாளர் ஒருவர் இந்தச் சட்டத்தை ஒரு பக்கத்தில் கடந்துவிடக்கூடும். பதிவு அலுவலகங்களில் பத்திரங்களோடு நாள்களைக் கழித்த எனக்கு அதில் ஒரு முழு ஆய்வேட்டுக்கான பொருள் தெரிந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் முதலில் தலைப்பு குறுகியது என்று தயங்கினார். வாங்கியவரின் நன்னம்பிக்கை, இழப்பீட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார், குடிமை நீதிமன்றத்தை நாட ஆயரின் நிதிக்குழு என்ன ஆலோசனை சொல்ல வேண்டும் என்ற கேள்விகளை ஒரே தாளில் எழுதிக் காட்டிய பிறகு, நன்னம்பிக்கையை மட்டும் வைத்துக்கொள், மற்ற இரண்டையும் வேறு யாராவது எழுதட்டும் என்று சொல்லி ஒப்புதல் தந்தார்.